லிஸ்பனில் கடைசி மூன்று நாட்கள்

ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் பன்னிரண்டு நாட்களில் சுற்றிக் காட்டும் குழுச் சுற்றுலா ஒன்றில் 2019-ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் சகதர்மிணியும் சென்று வந்தோம். குழுவில் முப்பத்திரண்டு பேர். பெரும்பாலோர் எங்களைப் போல் ரிடையர் ஆனவர்கள். மாட்ரிட், கிரானடா, செவில் எல்லாம் முடிந்து கடைசி மூன்று நாட்கள் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் கழிந்தன. டூரின் கடைசி நாட்களில் பொதுவாக யாருக்கும் சரித்திரத்தில் நாட்டம் இருப்பதில்லை. முழங்கால் வலிக்கிறது, பெட்டியில் இடம் இல்லை, வீட்டு ரசத்தின் நினைப்பு வந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பயணத்தில் என் மனதில் தங்கியது அந்த மூன்று நாட்கள்தான். அவற்றில் பார்த்ததையும், அதைத் தொட்டு முன்னும் பின்னும் படித்ததையும் நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அடிப்படையில் நான் பௌதிகம் படித்தவன். பிழைப்புக்குச் செய்தது சர்க்கார் உத்தியோகம். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தாயிற்று. அதனால்தானோ என்னவோ, லிஸ்பனில் எனக்கு இரண்டு சரித்திரங்கள் தெரிந்தன. ஒன்று கல்லில் செதுக்கியது. மற்றொன்று காகிதத்தில் எழுதி வைத்தது. முதலாவதை எல்லா டூரிலும் காட்டுகிறார்கள். இரண்டாவதை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் நாள்: பெலேம்

லிஸ்பன் தேஜோ என்னும் பெரிய நதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் முகத்துவாரத்தில், மேடும் பள்ளமுமான குன்றுகளின் மேல் அமைந்த ஊர். அதன் மேற்குப் பகுதிக்குப் பெலேம் என்று பெயர். பழைய காலத்தில் கப்பல்கள் நெடும்பயணம் கிளம்பிய இடம். அங்கே இருக்கும் ஜெரோனிமோஸ் மடாலயத்தை முதலாம் மானுவேல் மன்னர் 1501-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கினார். முடிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தூண்களில் கப்பல் கயிறும், கடற்பாசியும், கிளிஞ்சலும் செதுக்கியிருக்கிறார்கள். நம் கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இது நல்ல வேலை என்றே தோன்றும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்கின் மேல் விதித்த ஐந்து சதவிகித வரியிலிருந்து. அந்த வரிக்கே மிளகின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மலையாளக் கரையில் கொடியில் காய்த்த மிளகு அங்கே கல்லாக நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மடாலயத்தின் மாதா கோயிலுக்குள் நுழைந்தவுடன் வாஸ்கோடகாமாவின் கல்லறை. எதிர்ப்புறம் அவருடைய பயணத்தைக் காவியமாகப் பாடிய கமோயிஷ் என்ற கவிஞரின் கல்லறை. வாஸ்கோடகாமா இறந்தது லிஸ்பனில் இல்லை. மூன்றாம் முறையாக, வைஸ்ராயாக இந்தியா வந்தபோது 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் காலமானார். கோட்டைக் கொச்சியில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மகன்களில் ஒருவர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார். பெலேமுக்கு அவை வந்தது 1880-இல்தான். கொச்சியில் அந்தக் காலிக் கல்லறை இன்றும் இருக்கிறது. நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கல்லறை முன்னால் நின்றுகொண்டு எங்கள் உள்ளூர் கைடு அம்மையார், "இந்தியாவைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்றார். எங்கள் குழுவில் எண்பதை நெருங்கும் ஒரு மாமா இருந்தார். தஞ்சாவூர் ஜில்லாக்காரர். என் பக்கம் திரும்பி, "ஏன் சார், நாம எப்போ தொலைஞ்சு போனோம்?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். கைடு அம்மையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது" என்றார். நம் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தானே இருந்தது? கடல் வழி கண்டுபிடித்தார் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியவர்கள்தானே நாம்!

அங்கிருந்து நதிக்கரைக்கு வந்தால் கப்பலின் முன்பாகம் போன்ற பெரிய நினைவுச் சின்னம். கண்டுபிடிப்புகளின் சின்னம் என்று பெயர். ஹென்றி இளவரசர் முன்னால் நிற்க, மாலுமிகளும் பாதிரிகளும் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். பழமையானது போல் தோன்றினாலும் இது 1960-இல் கான்கிரீட்டில் கட்டி முடித்தது. 1940-இல் சலசார் ஆட்சியில் நடந்த ஒரு கண்காட்சிக்காகத் தாற்காலிகமாகச் செய்த உருவத்தின் நிரந்தர வடிவம். அதாவது, கோவா இன்னும் அவர்கள் கையில் இருந்தபோது எழுப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே கோவா விடுதலையாகிவிட்டது.

சற்றுத் தூரத்தில் பெலேம் கோபுரம். அதன் காவல் மாடம் ஒன்றின் அடியில் ஒரு காண்டாமிருகத்தின் தலை செதுக்கியிருக்கிறது. காலத்தில் தேய்ந்து போயிருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். அது நம் ஊர் மிருகம். குஜராத் சுல்தான் முசாபர் ஷா போர்ச்சுகீசிய கவர்னர் அல்புகர்க்குக்குக் கொடுக்க, அவர் கோவாவிலிருந்து கப்பலில் ஏற்றி மன்னருக்கு அனுப்பினார். 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பின் ஐரோப்பா காண்டாமிருகத்தைப் பார்த்தது அப்போதுதான். மன்னர் அதை ஒரு யானையோடு மோத விட்டார், யானை ஓடிவிட்டது. பிறகு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்கி அந்த ஜீவனும் போயிற்று. ட்யூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் மிருகத்தைக் கண்ணால் பார்க்காமல், யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து வரைந்தார். முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பையும் சேர்த்துவிட்டார். அந்தப் படம்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவின் புத்தகங்களில் காண்டாமிருகமாக உலவியது! பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

காகிதத்தில் இருப்பது

வாஸ்கோடகாமாவின் முதல் பயணத்தில் கூடப் போன ஒருவர் தினக்குறிப்பு எழுதினார். பெயர் போடவில்லை. அதன் பழைய பிரதி போர்ட்டோ நகர நூலகத்தில் இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்துவிட்டது. பெலேமில் கல் சொல்லும் கதையை இந்தக் காகிதம் பல இடங்களில் மறுக்கிறது.

1497 ஜூலை 8 அன்று நான்கு கப்பல்களில் கிளம்பினார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மேலே வந்து, கீழைக் கரையில் உள்ள மாலிந்தியை அடைந்தார்கள். அங்கிருந்து அரபிக் கடலைத் தாண்ட மாலிந்தி அரசர் ஒரு மாலுமியைக் கொடுத்தார். அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்று பாரோஸ் என்ற போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். வாஸ்கோடகாமா தம்முடைய நட்சத்திரக் கருவியைப் பெருமையாகக் காட்ட, அந்த மாலுமி ஆச்சரியமே படவில்லையாம். இது போன்ற கருவிகள் செங்கடல் மாலுமிகளிடமும் உண்டு என்றாராம்.

அந்த மாலுமிக்குத் தெரிந்திருந்த பெரிய விஷயம் பருவக்காற்று. 1498 ஏப்ரல் 24 கிளம்பி மே 18-இல் மலையாளக் கரை கண்ணில் பட்டது. இருபத்து நாலு நாள்! கள்ளிக்கோட்டை அருகே மே 20 அன்று நங்கூரம் போட்டார்கள். திரும்பும்போது உள்ளூர்க்காரர்களின் பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லை. காற்று மாறும் முன்பே கிளம்பிவிட்டார்கள். அக்டோபர் 5-இல் கார்வார் அருகே உள்ள அஞ்சதீவிலிருந்து புறப்பட்டவர்கள் ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தது ஜனவரி 2-இல்தான். அதே கடலுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி, கை கால் வீங்கி, ஆட்கள் செத்துக்கொண்டே வந்தார்கள். கப்பலைச் செலுத்த ஆள் போதாமல் ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். கிளம்பிய சுமார் 170 பேரில் ஊர் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்தப் பருவக்காற்றின் துணையோடு யவனர்கள் அதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்பே முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்க இலக்கியமே சொல்கிறது.

சாமூதிரி மன்னருக்கு வாஸ்கோடகாமா கொண்டு வந்த பரிசுகளின் பட்டியலும் தினக்குறிப்பில் இருக்கிறது. பன்னிரண்டு துண்டு கோடு போட்ட துணி, சில தொப்பிகள், நான்கு சரம் பவழம், ஆறு கைகழுவும் பாத்திரங்கள், சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். மன்னரின் அதிகாரிகள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் சாமான்ய வியாபாரி கூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்களாம். இன்னொரு சம்பவம்: வழியில் ஒரு கோயிலைக் கிறிஸ்தவ ஆலயம் என்று நினைத்து உள்ளே போய்ப் பிரார்த்தனை செய்தார்கள். சுவரில் இருந்த "புனிதர்களுக்கு" நாலைந்து கைகளும் வெளியே நீண்ட பற்களும் இருந்ததாக அவர் கவனமாகக் குறித்திருக்கிறார். எந்த அம்பாளின் சந்நிதியோ, அவளுக்கே வெளிச்சம்.

இதுவரை சிரிக்கலாம். 1502-இல் இரண்டாம் பயணத்தில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. மெக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மிரி என்ற கப்பலை மலையாளக் கரையருகே மடக்கினார்கள். அதில் இருந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். பெண்களும் குழந்தைகளும் உண்டு. பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டபின், ஆட்களோடு கப்பலைக் கொளுத்த வாஸ்கோடகாமா உத்தரவிட்டார். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சியதை எழுதி வைத்தவர், எதிரி தரப்பு ஆசாமி இல்லை. அந்தக் கப்பல் கூட்டத்திலேயே எழுத்தராக வேலை பார்த்த தோமே லோபெஸ். ஒரு குமாஸ்தா. தன் தலைவனுக்குச் சாதகமாக மறைத்து எழுத எல்லா வசதியும் இருந்தும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். பெலேமில் அந்த முந்நூறு பேருக்கு நான் ஒரு கல்லையும் பார்க்கவில்லை. அவர்கள் சரித்திரத்தில் இருப்பது அந்தக் குமாஸ்தாவின் பேனாவினால்தான்.

இரண்டாம் நாள்: பூகம்பம் தின்ற நகரம்

மறுநாள் நகரின் நடுப்பகுதி. நதியைப் பார்த்தபடி மூன்று பக்கம் மஞ்சள் நிறக் கட்டடங்களோடு ஒரு பெரிய மைதானம். வணிக மைதானம் என்று இப்போது பெயர். உள்ளூர்க்காரர்கள் இன்னும் அரண்மனை மைதானம் என்கிறார்கள். அரண்மனை ஏது என்று கேட்டால், 1755 நவம்பர் 1 காலை ஒன்பதே முக்கால் மணி வரை இருந்தது என்பதே பதில்.

அன்று அவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். ஊர் முழுவதும் மாதா கோயில்களில் இருந்தது. நம் கணக்கில் ரிக்டர் எட்டரைக்குக் குறையாத பூகம்பம் பல நிமிஷங்கள் குலுக்கியது. கோயில் கூரைகள் ஜனங்கள் மேல் விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளி என்று நதிக்கரைக்கு ஓடினார்கள். நீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. சிலர் அதை வேடிக்கை பார்க்கப் போனார்கள். பூகம்பத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பிடித்த தீ ஐந்தாறு நாள் எரிந்தது. இறந்தவர்கள் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அரண்மனையும், எழுபதாயிரம் நூல்கள் கொண்ட அரச நூலகமும், இந்திய வியாபாரத்தின் கணக்குகள் எல்லாம் இருந்த இந்திய அலுவலகமும் அழிந்தன. மிளகுப் பணத்தில் எழுந்த நகரம் ஒரு காலைப் பொழுதில் போயிற்று.

அரசர் ஜோசே பயந்து போனார். அதன் பிறகு ஓட்டுக் கூரையின் கீழ் தங்க மறுத்து, மேட்டில் கூடாரத்திலும் மர வீட்டிலும் காலம் கழித்தார். நிர்வாகம் முழுவதும் பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்ட மந்திரியிடம் வந்தது. ஜில்லா நிர்வாகத்தில் வெள்ள நிவாரணம் பார்த்த யாரும் அவருடைய உத்தரவுகளைப் படித்தால் தலையாட்டுவார்கள். தொற்றுநோய் வராமல் இருக்க, சர்ச்சின் சம்மதம் பெற்றுப் பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டார். தானிய விலையை ஏற்றக்கூடாது என்றார். கொள்ளையடிப்பவர்களுக்குப் பல இடங்களில் தூக்கு மரம் நட்டார். சர்வே முடிந்து திட்டம் வரும் வரை யாரும் வீடு கட்டக்கூடாது என்றார்.

பொம்பால் ஒன்றும் மகாத்மா இல்லை. எதிரிகளைக் கொடுமையாக ஒழித்தவர். பூகம்பம் தெய்வ தண்டனை என்று பிரசாரம் செய்த மலகிரிடா என்ற வயோதிகப் பாதிரியார் கடைசியில் 1761-இல் கொல்லப்பட்டார். ஆனால் இந்த மனிதர் செய்த ஒரு காரியத்துக்காக விஞ்ஞானம் படித்தவர்கள் அவரை நினைக்க வேண்டும். 1756 தொடக்கத்தில் நாட்டின் எல்லாப் பங்குகளின் பாதிரியார்களுக்கும் ஒரு சர்க்குலர் போனது. அதில் இருந்த கேள்விகள் இவை போன்றவை: பூகம்பம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையிலிருந்து அதிகம் தெரிந்தது? எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா, எத்தனை சாண்? ஊற்றுகளிலும் கிணறுகளிலும் என்ன மாறுதல்? நிலம் பிளந்ததா, அதிலிருந்து ஏதாவது வெளிவந்ததா? பின்னதிர்வுகள் எத்தனை? முன்பு இப்படி வந்ததாக யாருக்காவது ஞாபகம் உண்டா?

ஏன் வந்தது, யார் பாவம் என்ற கேள்வி அதில் இல்லை. என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு என்பவைதான். ஐரோப்பா முழுவதும் தத்துவ ஞானிகள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்; வால்டேர் கவிதை எழுதினார், இளைஞராக இருந்த கான்ட் கட்டுரைகள் எழுதினார். லிஸ்பனில் ஒரு மந்திரி படிவம் அனுப்பினார். வந்த பதில்கள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. அவற்றை வைத்து இன்றைய பூகம்ப விஞ்ஞானிகள் எந்த ஊரில் எவ்வளவு ஆட்டம் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். பூகம்ப இயலின் ஆரம்பம் என்று பலர் இந்தச் சர்க்குலரைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் காப்பகம் பிழைத்ததே ஒரு கதை. கோட்டையில் அது இருந்த கோபுரம் இடிந்து விழுந்தது. அதன் பொறுப்பாளர் மானுவேல் ட மையா என்ற இன்ஜினீயர். அப்போது அவருக்கு வயது 78. இடிபாடுகளிலிருந்து ஏடுகளை எடுக்க வைத்து, மரக்கொட்டகை போட்டு அவற்றைக் காப்பாற்றினார். அதோடு, பூகம்பம் நடந்து ஐந்து வாரத்துக்குள் நகரத்தைத் திரும்பக் கட்டுவது பற்றிய அறிக்கையின் முதல் பகுதியையும் கொடுத்துவிட்டார். பழையபடியே கட்டலாமா, தெருவை மட்டும் அகலப்படுத்தலாமா, முற்றிலும் இடித்துப் புதிதாகக் கட்டலாமா, வேறு இடத்துக்கே போகலாமா என்று மாற்று வழிகளைப் பட்டியல் போட்டார். நல்ல ஆபீஸ் நோட் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

அந்தத் திட்டப்படி எழுந்ததுதான் இன்று நாம் நடக்கும் பைஷா என்ற கடைத்தெருப் பகுதி. தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கின்றன. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழில் பெயர்கள். சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல இணைத்த கூண்டு ஒன்று இருக்கிறது. கட்டடம் குலுங்கும்போது மரம் வளைந்து கொடுக்கும், உடையாது. மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களைக் காலடி வைத்து நடக்கச் சொல்லிச் சோதித்தார்கள் என்று சொல்கிறார்கள். நம் காஷ்மீரில் தஜ்ஜி தேவாரி என்று மரச்சட்டமும் கல்லும் சேர்த்துக் கட்டும் பழைய முறை உண்டு. 2005 பூகம்பத்தில் அந்த வீடுகள் பல கான்கிரீட் வீடுகளைவிட நன்றாகத் தாங்கின. தத்துவம் ஒன்றுதான்.

கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா?

மேலே சொன்ன கேள்விகளில் இந்த ஒன்று என்னை நிறுத்தியது. 2004 டிசம்பர் 26 நம் யாருக்கும் மறக்காது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் ஜில்லாவில்தான் மிக அதிகம். அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடித் தட்டு பிளந்தபோது, மேற்குப் பக்கம் தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் கரையில் முதலில் ஏறி வந்தது. பெரிய உள்வாங்கல் நம் பக்கம் அலைகளுக்கு நடுவில்தான். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது சரியான பாடம். ஆனால் உள்வாங்காமலும் வரும் என்பது அதற்கு மேற்பட்ட பாடம். அதாவது, 1756-இல் கேட்ட அந்தக் கேள்விக்குக் கரையோர ஊர்கள் சொல்லும் பதிலிலிருந்து, கடலுக்கடியில் எந்தப் பக்கம் தரை எழுந்தது என்று கண்டறிய முடியும். அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே, அதுதான் என் கணக்கில் லிஸ்பனின் பெரிய கண்டுபிடிப்பு.

நம் நாட்டில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007 அக்டோபரில். எட்டாயிரம் உயிர் போன பிறகு. லிஸ்பனும் முப்பதாயிரம் போன பிறகுதான் கேள்வி கேட்டது. இதில் யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கேட்ட பிறகு பதிலைப் பத்திரப்படுத்துவதில்தான் வித்தியாசம்.

மைதானத்திலிருந்து கடைத்தெருவுக்குள் நுழையும் பெரிய வளைவின் மேல் சிலைகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் வாஸ்கோடகாமாவும் இருக்கிறார், பொம்பாலும் இருக்கிறார். எங்கள் குழுவில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் வாஸ்கோடகாமாவைத் தேடி எடுத்தார்கள்.

மூன்றாம் நாள்

கடைசி நாள் மாலை விமானம். காலையில் கார்மோ மடத்துக்குப் போனோம். பூகம்பத்தில் கூரை விழுந்த மாதா கோயிலை அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகளுக்கு மேலே ஆகாசம். அதை ஒட்டிய படைவீட்டில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் சரணடைந்தார். நமக்கும் அந்த நாளில் சம்பந்தம் உண்டு. 1961-இலிருந்து கோவாவை இந்தியப் பகுதியாக ஒப்புக்கொள்ளாமல் இருந்த போர்ச்சுகல், புதிய ஆட்சி வந்த பின் 1974 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்து ஒப்புக்கொண்டது.

அருகிலேயே ரோசியு சதுக்கம். அங்கே இப்போது நாடகக் கொட்டகை இருக்கும் இடத்தில் முன்பு மத விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. அதன் கிளை 1560-இலிருந்து 1812 வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, கோவாவிலும் இயங்கி நம் ஜனங்களை வதைத்தது. பக்கத்தில் உள்ள சாவ் டொமிங்கோஸ் ஆலயத்தின் முன்னால், 1506-இல் கட்டாய மதமாற்றம் செய்யப்பட்டிருந்த யூதர்களை நகரத்தார் கூட்டமாகக் கொன்றதை ஒப்புக்கொண்டு 2008-இல் ஒரு சின்னக் கல் வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு வருஷம் கழித்தாவது கல்லும் காகிதத்தோடு ஒத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. மிரி கப்பலுக்கும் ஒரு நாள் பெலேமில் அப்படி ஒரு கல் வரலாம்.

விமான நிலையம் போகும் பஸ்ஸில் கைடு அம்மையாரிடம், உங்கள் மொழி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிப் பட்டியல் போட்டோம். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை, பீப்பாய், ஏலம், மேஸ்திரி. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்ததில் ஒரே குதூகலம். அடுத்தது மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். இதற்குச் சாட்சியம் நம் இல்லங்களிலேயே இருக்கிறது. திவசத்தன்று மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மிளகும் சீரகமும்தான். என் சகதர்மிணி இதைச் சொன்னபோது எனக்கே புதிதாகத் தோன்றியது. பித்ருக்களுக்கு அன்று பரிமாறுவது வாஸ்கோடகாமா வருவதற்கு முந்தைய சமையல்! யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாமிகள் விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு ஆவணம்தான்.

லிஸ்பன் போக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. டூர்க்காரர்கள் பெலேமுக்கு முக்கால் நாளும் பைஷாவுக்கு ஒரு மணியும் கொடுப்பார்கள். முடிந்தால் ஓய்வு நேரத்தில் பைஷாவிலும் கார்மோவிலும் தனியாக நடந்து பாருங்கள். பெலேமின் புகழ் பெற்ற இனிப்பில் முட்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றொரு யோசனை, எங்கும் போகாதவர்களுக்கு. நம் அங்கத்தினர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயலைப் பார்த்தவர்கள் இருக்கலாம். 2004 சுனாமியன்று சென்னையிலோ நாகையிலோ இருந்தவர்கள் இருக்கலாம். 2015 சென்னை வெள்ளத்தில் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். எத்தனை மணிக்கு நீர் வந்தது, எந்தப் படி வரை ஏறியது, கிணறு என்ன ஆயிற்று என்று தேதி போட்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அலங்காரம் வேண்டாம். மையா 78 வயதில் இடிபாட்டிலிருந்து காகிதம் எடுத்தார். நமக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.